மாநாட்டில் எதைப் பேசுவது: ஏஐ முகவரா, வேலை வரிசையா?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தளவாட நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் விநியோக வேலைகளின் வரிசையைத் தனிச் சேவையகத்திலிருந்து எடுத்து, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாகவே வைத்தோம். நன்றாக ஓடுகிறது. அண்மையில், வாடிக்கையாளர் மின்னஞ்சலைப் படித்து விநியோக நேரத்தை மாற்றும் ஏஐ முகவர் ஒன்றையும் அதே வரிசையில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். மென்பொருள் மாநாடு ஒன்றில் 30 நிமிடம் பேச விண்ணப்பிக்க இருக்கிறேன். வரிசையைப் பற்றிப் பேசினால் யார் வருவார்கள், ஏஐ பற்றிப் பேசு என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வரிசையைப் பற்றியே பேசுங்கள். முகவரை அதற்குள் கொண்டுவாருங்கள்.

இரண்டு வார அனுபவத்தை அரை மணி நேரத்துக்கு இழுக்க முடியாது. அந்த அறையில் அதே வகைக் கருவியை மாதக்கணக்கில் ஓட்டியவர் இருக்கக்கூடும்; அவருடைய முதல் கேள்விக்கே நீங்கள் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்காக முகவரை விட்டுவிடுவதும் இழப்புதான். "அதே வரிசையில்" என்று இரண்டே சொல்லில் கடந்து போயிருக்கிறீர்களே, உங்கள் உரை அங்கேதான் இருக்கிறது.

2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பில் 'ஸ்கிப் லாக்ட்' வசதி சேர்ந்தது. அட்டவணையில் ஒவ்வொரு வேலையும் ஒரு வரி; ஒரு கணினி நிரல் பூட்டி வைத்திருக்கும் வரிக்காக இன்னொரு நிரல் காத்து நிற்காது. அதைத் தாண்டி அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும். உணவங்காடியில் இடம்பிடிக்க யாரோ டிஷ்யூ பொட்டலம் வைத்த மேசையை விட்டு நாம் அடுத்த மேசைக்குப் போவதைப் போல. ஒவ்வொரு வேலையும் நொடிக்குள் முடியும்வரை இதில் சிக்கலே இல்லை. முகவரோ அதற்குப் பின்னால் இருக்கும் ஏஐ மொழி மாதிரியை அழைத்து, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடியும் அழைத்து, ஒரே வேலைக்கு நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடியது. அவ்வளவு நேரமும் பரிவர்த்தனை (தரவுத்தளம் ஒரே தொகுப்பாக நடத்தும் மாற்றங்கள்) திறந்தே கிடந்தால், அது தொடங்கிய பிறகு செத்த வரிகளை, அதாவது மாற்றியோ நீக்கியோ பயனற்றுப்போன பழைய வரிகளை, 'வேக்யூம்' என்னும் துப்புரவுப் பணியால் அகற்ற முடியாது. அட்டவணை வீங்கும். முகவருக்குத் தொடர்பே இல்லாத விநியோக வேலைகளும் மெதுவாகும். இதற்கு ஒரு வழி, வேலையை எடுத்ததும் "இந்த நேரம் வரை என்னிடம்" என்று அந்த வரியிலேயே எழுதி, பரிவர்த்தனையை உடனே முடித்துவிடுவது. கெடு தாண்டினால் வேறொரு நிரல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஒரே வேலை இருமுறை நடக்கக்கூடும். ஒரு வாடிக்கையாளரின் விநியோக நேரம் இருமுறை மாறினால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்வி ஒன்றே பத்து நிமிடம் தாங்கும்.

ஏஐ கேட்க வந்தவருக்கு இதில் அவர் அறியாத செய்தி இருக்கிறது. தரவுத்தளத்தோடு மல்லுக்கட்டுகிறவர் திங்கட்கிழமை அலுவலகம் போனதும் செய்து பார்க்கவும் ஒன்று இருக்கிறது. புதுமைக்குப் பாதி, நடைமுறைக்குப் பாதி என்று நேரத்தைப் பங்கு பிரித்தால் இரு சாராருக்கும் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

சிங்கப்பூர்த் தமிழர்களான நமக்கு இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1997 மே மாதம், எழுத்தாளரும் தமிழ்க் கணினி முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கு நடத்திய தமிழ்நெட் 97 மாநாட்டை நினைத்துப் பாருங்கள். இணையம் அன்று பெரும் புதுமை. கூடியவர்கள் அதை வியந்ததோடு நின்றுவிடவில்லை. எந்த விசைப்பலகை, எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாகச் சேமிக்க எந்தக் குறியாக்கம் என்று கேட்டார்கள். தமிழில் தட்டச்சு செய்ய உட்காரும் ஒருவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்ணப்பத்துக்கும் மேடைக்கும் இடையே சில மாதங்கள் ஓடிவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஒரே நேரத்தில் பல இழைகளை, அதாவது ஒரே நிரலின் பல வேலைத் தொடர்களை, உண்மையாகவே இணையாக ஓட்டும் வடிவம் 2024 அக்டோபரில் 3.13 பதிப்போடு வந்தபோது அது சோதனை முயற்சி. 2025 அக்டோபரில் 3.14 வந்ததும் அது, விரும்பினால் பயன்படுத்தலாம் என்னும் அளவில், முறையான ஆதரவு பெற்றுவிட்டது. இடையில் விண்ணப்பித்து "இது வெறும் சோதனை" என்று படவில்லையில் எழுதி வைத்தவர் மேடையேறும்போது என்ன செய்வார்? ஆகவே முகவர்க் கருவியின் பெயரையும் பதிப்பையும் ஒரே ஒரு படவில்லையில் வையுங்கள்; கடைசி வாரத்தில் அதை மட்டும் திருத்தினால் போதும். பூட்டும் பரிவர்த்தனையும் அவ்வளவு விரைவில் மாறாது.

செயல்விளக்கத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். அரங்கின் வைஃபையை நம்ப வேண்டாம். வாடிக்கையாளர் மின்னஞ்சல் ஒன்றுகூடத் திரையில் வரக்கூடாது. பெயரை மறைத்தாலும் முகவரியும் நேரமும் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே கண்டிப்பானது. மாதிரி மின்னஞ்சல்களை நீங்களே எழுதிவிடுங்கள். நிறுவனத்தின் அனுமதியை விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஒத்திகையை மட்டும் குறைக்காதீர்கள். வார நாள் மாலையில் நடக்கும் சிறு சந்திப்பு ஒன்றில் முதலில் பேசிப் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவரும் வங்கியில் இருபது ஆண்டு இருந்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். மாணவர் எந்த இடத்தில் கைப்பேசியைக் கையில் எடுக்கிறார் என்று கவனியுங்கள். அந்த இடத்துக்கு டிஷ்யூ பொட்டலம் போல ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

விண்ணப்பம் எழுத உட்காரும் முன், அந்த இரண்டு வாரத்தின் பதிவுகளைத் திறந்து, பூட்டு மிக நீண்ட நேரம் இருந்த வேலை எது, எத்தனை நிமிடம் என்று பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தின் முதல் வரி அந்த எண்ணில் தொடங்கட்டும்.