அண்ணனுக்காக எடுத்த குழுக்கடனை இன்னொரு கடனால் அடைக்கலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு படுவான்கரையைச் சேர்ந்தவள். எனது தையலிலும் கணவரின் மேசன் வேலையிலும் மாதம் ஏறக்குறைய 65,000 ரூபாய் வருகிறது. என் பெயரில் மூன்று குழுக்கடன்கள் உள்ளன. தையல் இயந்திரத்துக்கு 80,000, அண்ணனின் ஆட்டோ லீசிங் நிலுவைக்கு 100,000, மச்சாளின் வயல் செலவுக்கு 50,000. மூன்றுக்கும் ஆண்டுக்கு 18 வீத வட்டி, 52 கிழமைத் தவணை. இன்னும் 26 கிழமைகள் மிச்சம். அண்ணன் பல கிழமைகளில் பணம் தராததால் என் காப்புகள் அடகில் இருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடையில் இயங்கும் ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம், மாதம் ஒன்றரை வீத வட்டியில் 24 மாதங்களுக்கு 150,000 தருவதாகக் கூறுகிறது. அதை எடுத்து மூன்றையும் அடைத்துவிட்டு, மிச்சத்தை அண்ணனுக்குக் கொடுக்கலாமா? 2018இல் போல அரசாங்கம் எப்படியும் தள்ளுபடி செய்யும் என்கிறார் அண்ணன்.

பதில்: எடுக்க வேண்டாம். ஒருவரின் கடனுக்குக் குழுவிலுள்ள மற்றவர்களும் பொறுப்பாகும் குழுப் பிணை என்றால் என்ன, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் கிழமைதோறும் கூட்டத்தில் அமர்ந்து கட்டுகிறவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே உங்கள் கடிதத்திலுள்ள கணக்குக்கே வருகிறேன்.

18 வீத வட்டியை முதல் தொகை முழுவதற்கும் கணக்கிட்டால், உங்கள் சொந்தக் கடனுக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 1,815 ரூபாய், அதாவது மாதம் 7,900 அளவில் போகிறது. அது உங்கள் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு. தையல் ஓடுகிறவரை தாங்கக்கூடிய சுமை. அண்ணனின் கடனுக்குக் கிழமைக்கு 2,269, மச்சாளின் கடனுக்கு 1,135. இவை இரண்டும் சேர்ந்து மாதம் 14,750. காப்புகளை அடகுக்கு அனுப்பியது இந்த 14,750தான், வட்டி வீதம் அன்று. உங்கள் பெயரையும் அடையாள அட்டையையும் உறவினருக்கு இரவல் கொடுக்கும் பழக்கம் நிற்காதவரை, எந்த நிறுவனம் எத்தனை வீதத்துக்குத் தந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். கடனைப் பெற்றவர் நீங்கள் என்றுதான், கடன் பெற்றவர்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். இந்தக் கடனுக்கு எதிரே அண்ணனின் பெயர் அங்கே எந்த மூலையிலும் இராது.

இனிப் புதிய கடன். மூன்று கடன்களிலும் நீங்கள் இனிக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 135,700. மாதம் ஒன்றரை வீதம் என்பதை முதல் தொகை முழுவதற்கும் 24 மாதங்களும் கணக்கிட்டால் வட்டி மட்டும் 54,000, மொத்தம் 204,000. மாதம் ஒன்றரை என்பது ஆண்டுக்குப் பதினெட்டுத்தான். இப்போது நீங்கள் கட்டுகிற வீதமும் அதுவே. குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் வட்டி ஏறக்குறைய 30,000ஆகக் குறையும். இவ்விரண்டில் எது என்று உத்தியோகத்தரிடம் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எப்படியாயினும், மாதத் தவணை 22,600இலிருந்து 8,500க்கோ 7,500க்கோ இறங்குவது கண்ணுக்கு இதமாகத் தெரிவதற்குக் காரணம், ஆறு மாதங்களில் முடிய வேண்டிய கடனை இரண்டு ஆண்டுகளுக்கு இழுத்திருப்பதே. அந்த இரண்டு ஆண்டுகளும் அண்ணனின் கடன் உங்கள் கடனாகிவிடும். அவருக்கு மேலதிகமாக 14,300 ரூபாயும் கையில் கிடைக்கும்.

இலாப நோக்கற்றது என்ற சொல் பலரை மயக்குகிறது. நன்கொடையாளரோ வெளிநாட்டில் கடன் கொடுப்பவரோ வட்டி கேட்காமல் இருக்கலாம்; ஆனால் உங்களிடம் வசூலிப்பது உள்ளூர் அலுவலகம், அதற்குச் சம்பளமும் எரிபொருளும் வாராக்கடனும் உண்டு. 2005இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிவா என்ற அமைப்பு, 25 டொலரிலிருந்து வட்டியில்லாமல் மக்களிடம் பணம் திரட்டுகிறது. ஆனாலும் அதன் உள்ளூர்ப் பங்காளி நிறுவனங்கள் கடன் பெறுபவரிடம் பொதுவாக வட்டி வாங்குகின்றன. இதில் மோசடி எதுவுமில்லை. ஆனால் இலவசமும் இல்லை. நுண்கடன், அதாவது இதுபோன்ற சிறு கடன், கிராமத்து வறுமையைத் துடைத்துவிடும் என்ற பிரசுர வாசகத்தையும் சற்றுத் தள்ளியே வையுங்கள். இந்தியா, எத்தியோப்பியா, மொரோக்கோ உட்பட ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் ஒன்றாக வெளியான ஆய்வுகள், இத்தகைய கடன் சிலருடைய தொழிலுக்கு ஓரளவு உதவியதாகவும், குடும்பங்களின் வாழ்க்கையைப் பெரிதாக மாற்றவில்லை என்றுமே கண்டன. தொழிலுக்கு எடுத்த கடனின் நிலையே இதுவென்றால், லீசிங் நிலுவைக்கு எடுத்ததைப் பற்றி என்ன சொல்வது?

அண்ணன் சொல்கிற 2018 நிவாரணம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 100,000 ரூபாய்க்கு உட்பட்ட கடனை மூன்று மாதங்களுக்கு மேல் கட்ட முடியாதிருந்த பெண்களுக்கானது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அது திரும்ப வரும் என்று நம்பித் தவணையை நிறுத்தினால், அதிகாரி வருமுன் உங்கள் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள்.

மச்சாளின் விடயம் எளிது. உன்னிச்சை, நவகிரிக் குளத்து நீர் எட்டாத வயல் வட்டைகளில் ஆண்டுக்கு ஒரு போகம்தான். வேளாண்மை வெட்டி நெல் விற்றால்தான் கையில் காசு வரும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கிழமைத் தவணைக் கடனை யார் சிபாரிசு செய்தார்களோ தெரியவில்லை, அது முதலிலேயே பொருந்தாத கடன். மிச்சமுள்ள ஏறக்குறைய 29,500ஐ அடுத்த வெட்டு முடிந்ததும் நெல் விற்ற கையோடு உங்களிடம் தர வேண்டும் என்று கணவரையும் மாமியையும் வைத்துக்கொண்டு பேசி, திகதியைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை கிழமைக்கு 1,135ஐ நீங்கள் கட்டத்தான் வேண்டியிருக்கும்.

அண்ணனுக்கு இன்னும் 59,000 இருக்கிறது. ஆட்டோ நாளாந்தம் ஓடுகிறது என்றால் நாளுக்கு 325 ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பது முடியாத காரியமன்று. கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, அண்ணி மூலமாவது, அது உங்கள் கையில் இருக்க வேண்டும். அதுகூட முடியவில்லை என்றால் அந்த ஆட்டோவால் லீசிங்கையும் குடும்பத்தையும் ஒருசேரத் தாங்க இயலவில்லை என்றே பொருள். கம்பனி தூக்கிக்கொண்டு போகுமுன், லீசிங் கம்பனியின் சம்மதத்துடன் அதை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடும்படி சொல்லுங்கள். இதைத் தங்கை சொல்வது கடினம் என்பது புரிகிறது. அம்மா இருந்தால் அவரைக் கொண்டு சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் சொந்தக் கடன் முடிந்து காப்புகளும் மீண்ட பின், தையலுக்கு இன்னோர் இயந்திரம் உண்மையாகவே தேவைப்பட்டால் அந்த நிறுவனத்திடம் போகலாம். அப்போது வட்டி குறைந்துசெல்லும் மீதிக்கா என்பதையும், கட்டாயச் சேமிப்பும் காப்புறுதியும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டு, தவணை அட்டவணையைத் தமிழில் கையில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.