பீன்ஸுக்கு இரண்டு தாய்வீடு: வாசகர் கேள்வி–பதில்

உழவர் சந்தையில் வாங்கும் பீன்ஸ் ஒரு வாரம் நாரே இல்லாமல் இருக்கிறது, இன்னொரு வாரம் இரண்டு ஓரமும் உரித்து மாளவில்லை. முற்றினால்தான் நார் வருமா?
– வாசகி, குடியாத்தம்

முற்றினால் நார் கூடும், ஆனால் பெரிய காரணம் ரகம்தான். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை மலைப்பகுதிகளில் காட்டு பீன்ஸ் இன்றும் கொடியாகப் படர்ந்து கிடக்கிறது. அதன் காய் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தள்ளி எறியும், அந்த வேலையைச் செய்வது காயின் ஓரத்திலும் தோலிலும் இருக்கிற நார்தான். வெடித்துச் சிதறிய விதை மண்ணோடு போனது; வெடிக்காமல் கொடியிலேயே நின்ற காய்களைத்தான் மக்களால் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது, மறுபடி விதைத்ததும் அதையே. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்ததில் வெடிக்கும் குணம் குறைந்தது. ஓர நாரும் இல்லாத ரகங்கள் பரவியது ரொம்பப் பிற்பாடு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கால்வின் கீனி என்ற விதைக்காரர் எடுத்த முயற்சிக்குப் பிறகு. நீங்கள் உரித்துப் போடுகிற நார் அந்தக் காட்டுக் குணத்தின் மிச்சம்.

பீன்ஸை மனிதர்கள் இரண்டு முறை பழக்கினார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரே பயிரை எப்படி இரண்டு முறை? அதை யார் பார்த்தது?
– கல்லூரி மாணவர், வேலூர்

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். யாரும் பார்க்கவில்லை, விதையே சாட்சி சொல்கிறது. காட்டு பீன்ஸ் மெக்சிகோப் பக்கம் ஒரு கூட்டமாகவும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அதாவது அந்தக் கண்டத்தில் மனிதன் காலடி வைப்பதற்கு வெகு காலம் முன்பே. பிறகு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு இடத்து மக்களும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், அவரவர் காட்டுக் கொடியை அவரவர் வயலுக்குக் கொண்டுவந்தார்கள்.

1980-களில் பால் கெப்ட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் விதையில் சேமித்துவைக்கப்படும் ஃபேசியோலின் என்ற புரதத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். மெக்சிகோப் பக்கத்துக் காட்டுச் செடியிலும் வயல் செடியிலும் பெரும்பாலும் ஒரு மாதிரி, ஆண்டீஸில் வேறு மாதிரி. 2014-இல் பீன்ஸின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது இன்னும் ஆச்சரியமான ஒன்று தெரிந்தது. பழக்கப்படுத்தியதால் மாறியதாகத் தெரியும் மரபணுப் பகுதிகளில் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய விதை, தூங்காமல் உடனே முளைப்பது என்று மக்கள் தேடியது ஒன்றே, ஆனால் செடி அதை இரண்டு இடத்திலும் வேறு வேறு வழியில் கொடுத்திருக்கிறது. எனக்கு இதைவிட அழகான செய்தி பயிர்களின் கதையிலேயே கிடையாது.

கடையில் பார்க்கிற பெரிய சிவப்பு ராஜ்மா ஆண்டீஸ் வழி, சின்னக் கறுப்பு பீன்ஸ் மெக்சிகோ வழி. இரண்டையும் கலப்பினம் செய்தால் சில ஜோடிகளில் பிறக்கும் நாற்று குட்டையாகி வாடிச் செத்தே போகும், அவ்வளவு தூரம் பிரிந்துவிட்டார்கள்.

இதில் இழப்பும் உண்டு. மக்கள் எடுத்து வந்தது காட்டில் இருந்ததில் ஒரு சின்னப் பங்கு, மீதி காட்டிலேயே நின்றுவிட்டது. மெக்சிகோவின் சில காட்டு பீன்ஸில் ஆர்சலின் என்றொரு புரதம் இருக்கிறது, அது இருக்கிற விதையில் ஒரு வகை பீன்ஸ் வண்டு எளிதில் பிழைக்காது. வயலில் வளர்ந்த பீன்ஸில் அது இல்லவே இல்லை, காட்டுச் செடியோடு கலந்துதான் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. கொலம்பியாவில் பல்மிராவில் உள்ள விதை வங்கியில் 37,000-க்கு மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகளைக் காப்பாற்றி வைத்திருப்பது இதற்காகத்தான்.

ராஜ்மா சாப்பிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. பயறு கெட்டுப்போனதா?
– வாசகர், ராணிப்பேட்டை

அரைவேக்காடாக இருந்திருக்கலாம். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும், அப்புறம் மசியும்வரை வேகவிடுங்கள். குக்கர் நல்லது. மெல்லிய சூட்டில் வெகுநேரம் வைப்பதுதான் ஆபத்து.

மாடித் தோட்டத்தில் பீன்ஸ் பூக்கிறது, காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடுகிறது.
– வாசகி, காட்பாடி

பங்குனியில் ஊன்றியிருப்பீர்கள். பீன்ஸ் மிதமான குளிர்ச்சியில் வளர்ந்த செடி, பகலில் 30 டிகிரிக்கு மேல் போய் இரவும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டிவிடும், நம் வேலூர் வெயிலில் உரம் போட்டு எந்தப் பயனும் இல்லை. ஐப்பசி கடைசியில் செடி பீன்ஸாக ஊன்றிப் பாருங்கள். மெக்சிகோவின் வடக்கே பாலைவனத்தில் வளரும் டெப்பரி என்ற பங்காளி பீன்ஸ் வெப்பத்தைத் தாங்கும், அதன் குணத்தைச் சாதாரண பீன்ஸுக்குக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. அதுவரை வெயில் காலத்தில் காராமணி போடுங்கள்.

என் மாமியார் வேலியோரம் இரண்டு மூன்று விதமான மொச்சை வைத்திருக்கிறார். கடையில் கிடைக்கும் குத்துச்செடி அவரைக்கு மாறிவிடலாமா?
– வாசகி, ஜவ்வாது மலை அடிவாரம், போளூர்

குத்துச்செடியும் போடுங்கள், மாமியாரின் விதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மொச்சையும் அவரையும் ஒரே இனம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் மண்ணில் இருக்கிறது. 2023-இல் வந்த மரபணு ஆய்வு இதையும் இரண்டு முறை தனித்தனியாகப் பழக்கியிருக்கிறார்கள் என்கிறது. மார்கழியில் பிதுக்கம் பருப்புக்கு எந்தக் கொடி காய் நன்றாகப் பிதுங்கும், எது பனியில் பூவை விடாமல் பிடிக்கும் என்று உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும், அந்தத் தேர்வு எந்தக் கடைப் பொட்டலத்திலும் வராது. மொச்சைப் பூவுக்குத் தேனீ வரும், கொஞ்சம் கலக்கும், அதனால் ஒவ்வொரு ரகத்தையும் தள்ளித் தள்ளி ஊன்றுங்கள். நோயில்லாத கொடியில் முதலில் நெற்றாகும் காய்களை விதைக்கென்று விட்டு, நன்றாக வெயில் காட்டி, அடுப்புச் சாம்பல் கலந்து இறுக்கமான டப்பாவில் வையுங்கள், ரகத்தின் பெயரையும் மாமியாரிடம் கேட்டு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கைப்பிடி கொடுங்கள். உங்களிடம் ஒரு வருடம் பொய்த்தாலும் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.