எதைக் கொடுத்தாலும் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று சொல்லும் அப்பாவுக்கு என்ன பரிசு வாங்கலாம்?

"போன வருஷம் வாங்கிக் கொடுத்த சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேலைக்குப் போக ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது, இத்தனை நாள் அவர் நமக்குச் செய்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கதவு சாத்தியது போல ஒரு பதில் வருகிறது. இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் ஏழெட்டு வருஷம் இதே இடத்தில் நின்றவன்.

நான் சொல்லப்போவது அப்பாவைப் பற்றி இல்லை, சித்தப்பாவைப் பற்றி. எனக்கு எட்டு வயதில் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியது அப்பாவின் தம்பிதான். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்று சிலர் வருவார்கள். காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எந்த வரிசையில் வைப்பது என்று எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

சித்தப்பா அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்த பிறகும் தொடர்ந்து, மொத்தம் 31 வருஷம். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும்போது கையில் சிவப்புப் பேனா இருக்கும். ஒற்று விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'க்' என்றோ 'ப்' என்றோ எழுதுவார். ஒருமை பன்மை மயங்கியிருந்தால் வட்டம். இதை அவர் யாருக்கும் அனுப்புவதில்லை, யாரிடமும் காட்டுவதும் இல்லை. படித்து முடித்தால் பேப்பர் பழைய அடுக்கில் போய்விடும். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தப் பக்கங்களின் ஓரத்தில்தான்.

அவருக்கு நான் கொடுத்தவற்றைச் சொல்கிறேன். முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம். அடுத்த வருஷம் தோல் பர்ஸ். அப்புறம் நடப்பதற்கு ஷூ. எல்லாம் பீரோவுக்குப் போயின. கடைசியாக ஒரு டேப்லெட் வாங்கினேன். எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கலாம், எல்லாப் பேப்பரும் இதிலேயே வரும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்குப்பா" என்றார். அடுத்த தடவை போனபோது திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கிக் கொடுத்தா உபயோகிக்கவாவது செய்யணும் சித்தப்பா" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான், "அதுல பேனா வச்சு எழுத முடியாதாம், அதான்" என்றார். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. அதற்கென்று தனிப் பேனா விற்கிறார்களே, அதையும் வாங்கியிருக்கலாமோ என்றுதான் யோசித்தேன்.

சித்திக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது பத்து நாள் அங்கேயே தங்கினேன். வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று ஒருநாள் பழைய பேப்பர் அடுக்கைக் கட்ட உட்கார்ந்தேன். மேலே இருந்த பேப்பர்களில் சிவப்பே இல்லை. ஒரு பக்கத்தில்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே போனால் தலைப்புகளில் மட்டும் குறி இருக்கிறது, பெரிய எழுத்துத் தலைப்புகளில். அதற்கும் கீழே தலைப்பும் செய்தியின் முதல் இரண்டு வரிகளும். அடியில் இருந்த பேப்பர்களில்தான் பழைய சித்தப்பா இருந்தார், பக்கம் முழுக்கச் சிவப்பு, விளையாட்டுச் செய்தியைக்கூட விட்டுவைக்காமல். தேதியைப் பார்த்தேன். அடியிலிருந்து மேலே வர எட்டு மாசம். கையில் சணலைப் பிடித்தபடி தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடம் கேட்டேன். "இப்பல்லாம் பேப்பர்ல தப்பு கொறைஞ்சிருச்சுப்பா" என்றார். அப்படிக் குறைந்திருக்காது என்பது பேப்பர் படிக்கும் யாருக்கும் தெரியும். மறுநாள் காலையிலிருந்து அவரையே கவனித்தேன். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போடுகிறார். வெயில் நகர நகர நாற்காலியும் நகர்கிறது. வெளிச்சம் சுவரைத் தாண்டிப் போனதும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார். சாயங்காலம் கூடத்து ட்யூப்லைட்டில் பேப்பரைக் கையில் எடுப்பதே இல்லை. இதெல்லாம் என் கண்ணெதிரேயே எத்தனை மாதம் நடந்ததோ, நான் பர்ஸ் நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் கண் மருத்துவரிடம்தான் போனோம், நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். கண்ணாடி பவர் மாறியிருந்தது. கண்புரை ஆரம்பம்தான், இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதால் கிட்டத்து எழுத்து மங்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதோடு வயதாக ஆகக் கண்மணி சுருங்கிப்போகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேருமாம். நமக்குப் பளிச்சென்று இருக்கும் அறை அவருக்கு அந்திநேரம் மாதிரி. "கண்ணாடி மாத்தினா மட்டும் போதாது, நல்ல விளக்கு வைங்க" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அங்கே கொடுத்த படிவத்தில் 'உடன் வந்தவர், உறவு' என்று ஒரு கட்டம். 'மகன்' என்று எழுதினேன். வரவேற்பில் இருந்தவர் அவருடைய அடையாள அட்டையையும் என்னுடையதையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அப்பா பேர் வேற இருக்கே, நேரடி உறவு யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார். நான் ஆறாவது சேரும்போதும் இதேதான் நடந்தது. 'தகப்பனார்' என்ற கட்டத்துக்கு நேரே சித்தப்பா போட்ட கையெழுத்தை அடித்துவிட்டுக் கீழே சின்ன எழுத்தில் இருந்த 'பாதுகாவலர்' என்ற இடத்தில் போடச் சொன்னார்கள். அன்றைக்கு மூடியைத் திறந்த பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. வளர்த்தவருக்கு ஒரு முழுக் கட்டம் கொடுத்தால் அந்தப் படிவத்துக்கு என்ன குறைந்துவிடும்? ஏமாற்றுகிறவர்களும் வருவார்கள், சரிபார்ப்பது அவர்கள் கடமை, புரிகிறது. கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா.

தந்தையர் தினத்துக்கு என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். அந்த நாள் தொடங்கியது 1910 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில். மனைவி இறந்த பிறகு தனியாளாக ஆறு பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் மகள் சொனோரா ஸ்மார்ட் டாட் என்பவரின் முயற்சி அது. 1972இல்தான் அங்கே அதற்குச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் தகப்பன் இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும், இல்லாதவர்கள் வெள்ளை ரோஜாவும் குத்திக்கொண்டார்களாம். நானாக இருந்தால் இரண்டையும் குத்தியிருப்பேன்.

சரி, விளக்குக்கு வருகிறேன். கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு ஒன்று வாங்கினேன். விலை அந்த டேப்லெட்டின் பக்கத்தில்கூட வராது. ஆனால் எந்த விளக்கு என்று பார்ப்பதற்கு ஒரு வாரம் செலவழித்தேன். இது யாருக்காவது உதவலாம். விளக்கைப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் தாளில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்காகும், அதனால் அறை விளக்கை மாற்றுவதைவிடப் பக்கத்தில் ஒன்று வைப்பதுதான் பலன் தரும். பல்பு கண்ணில் படக்கூடாது, கூண்டுக்குள் இருக்க வேண்டும். வலது கையால் எழுதுபவருக்கு இடது பக்கம் வைக்க வேண்டும், இல்லையென்றால் கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். எல்இடி என்றால் அட்டையில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு, அது 90க்கு மேல் இருப்பது நல்லது. அது குறைவாக இருந்தால் நிறம் செத்துத் தெரியும், அதிலும் சிவப்புதான் முதலில் மங்கும். அவருக்குச் சிவப்பு முக்கியம். கூடவே அவர் பயன்படுத்தும் அதே பேனாவுக்குப் பத்து ரீஃபில்.

விளக்கை மேசையில் பொருத்திவிட்டு, ஓர் அட்டையில் 'சித்தப்பாவுக்கு பிறந்தநாள் வாழ்த்துக்கள்' என்று எழுதி அதன் கழுத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அவர் வழக்கம்போல "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குச் சித்தி போனில் ஒரு படம் அனுப்பினார். விளக்கு வெளிச்சத்தில் அந்த அட்டை. 'சித்தப்பாவுக்கு' என்பதற்குப் பிறகு கோடு போட்டு 'ப்' சேர்த்திருந்தார். 'வாழ்த்துக்கள்' என்பதில் 'க்'கை அடித்து ஓரத்தில் நீக்கல் குறி போட்டிருந்தார், அச்சகத்தில் போடுவது போலவே, வால் சுழித்து. ராத்திரி ஒன்பதரைக்கு. ('வாழ்த்துக்கள்' என்பதும் சரிதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், இங்கே வேண்டாம்.)

இதைப் படித்துவிட்டு உங்கள் அப்பாவுக்கு விளக்கு வாங்கிவிடாதீர்கள். அவர் கை எங்கே தடுமாறுகிறது என்று ஒரு நாலு நாள் பாருங்கள். எதைச் செய்துகொண்டிருந்தவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள், ஏன் விட்டார் என்று அவராகச் சொல்ல மாட்டார். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் பெரிய ஸ்பீக்கர் வாங்காமல் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வயதானால் மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும், சத்தம் கேட்கும், சொல் புரியாது. தோட்ட வேலையை நிறுத்திவிட்டார் என்றால் குனிய முடிகிறதா என்று பாருங்கள். வெளியூரில் இருக்கிறீர்கள் என்றால் அம்மாவிடம் "அப்பாவுக்கு என்ன வேணும்" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேணாம்னுதான் சொல்வாரு" என்று பதில் வரும். "அப்பா காலையில எழுந்ததும் இப்ப என்ன பண்றாரு" என்று கேளுங்கள், அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

செலவில்லாமல் கையால் ஏதாவது செய்து கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, போதும், நான் மறுக்கவில்லை. பெரிய விலைக்கு வாங்குவதும் தப்பில்லை. அந்தக் கைக்கடிகாரத்தை இப்போது கட்டிக்கொண்டு வெளியே போகிறார், எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ரீஃபில் போன மாசம் தீர்ந்துவிட்டது, அவரே போன் பண்ணிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. இருபதாக வாங்கி அனுப்பியிருக்கிறேன்.