‘ஷோல்டர் தி ஸ்கை’ ஏன் பாதியில் தொடங்குகிறது?

கதை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறதே, பக்கம் விடுபட்டிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பிரதியில் குறை இல்லை, அது ஸ்காட்லாந்து எழுத்தாளர் டி. ஈ. ஸ்டீவன்சனின் மூன்று நாவல் தொடரில் மூன்றாம் பாகம். ஜேம்ஸும் ரோடாவும் அதில் புதுமணத் தம்பதி. அவர்கள் சேர்வதற்குள் பட்ட இழுபறியெல்லாம் முந்தைய பாகங்களில்: ‘விட்டோரியா காட்டேஜ்’ (1949), ‘மியூசிக் இன் தி ஹில்ஸ்’ (1950). முதலாவது இங்கிலாந்துக் கிராமத்தில் நடப்பது. ஸ்காட்லாந்துதான் வேண்டுமென்றால் நேரே இரண்டாவதை எடுங்கள். ஆட்டுப் பண்ணையும் மலைச்சரிவுமாக, மூன்று பாகங்களில் அதுதான் மிக அழகு.

பிரிட்டனில் உங்கள் புத்தகத்தின் பெயர் ‘வின்டர் அண்ட் ரஃப் வெதர்’. வேறு நாவல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

வாசிக்கும்போது ‘பர்ன்’ என்று வந்தால் எரிவதல்ல, ஸ்காட்லாந்து வழக்கில் ஓடை. ‘பைர்’ மாட்டுத்தொழுவம், ‘மேன்ஸ்’ பாதிரியார் வீடு.