கல்யாண நாளுக்குச் சின்னத் தங்கம்: நகை மதிப்பீட்டாளரிடம் கேள்வி பதில்

பட்டறையில் நகை செய்துகொண்டிருந்தவன் நான். இப்போது ராமநாதபுரத்தில் வங்கி அடகுக்கு வரும் நகைகளை மதிப்பிட்டுக் கொடுக்கிறேன். கல்யாண நாளுக்குச் சின்னதாகத் தங்கம் வாங்க நினைப்பவர்கள் கேட்கலாம். விலை ஏறுமா, இறங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என்றே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்கிறேன். அன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

பாம்பன், விசைப்படகுத் தொழிலாளி: அண்ணே, முதல் கல்யாண நாள் வருகிறது. கையில் 25,000 இருக்கிறது. வீட்டுக்காரிக்கு மோதிரம் வாங்கவா, தங்கக் காசு வாங்கவா?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள் தம்பி. அந்தப் பிள்ளை போட்டுக்கொள்ளவா, பெட்டியில் வைக்கவா? போட்டுக்கொள்ள என்றால் மோதிரம்தான். ஆனால் அதை முதலீடு என்று நினைக்காதீர்கள்.

2 கிராம் மோதிரம், 22 காரட், சேதாரம் 12 சதவீதம் என்று வைப்போம். தங்கத்துக்கு 20,000. சேதாரம் 2,400. ஜிஎஸ்டி 3 சதவீதம், 672. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதன் வரியும். எல்லாம் சேர்த்து 23,125 ரூபாய் கொடுத்துவிட்டு வருவீர்கள். மறுநாள் அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் 20,000 வந்தாலே பெரிது. 3,000 ரூபாய் போனது அவள் விரலில் போட்டுப் பார்த்த சந்தோஷத்துக்கு. அது சரிதான், பரிசு என்றால் அப்படித்தான். தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

காசில் செய்கூலி குறைவு. ஆனால் உங்கள் தொழிலுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டியிருக்கும் அந்த மாதங்களில்தான் பாம்பனிலும் மண்டபத்திலும் நகை அடகுக்கு வரும். கடையில் வாங்கிய காசை வங்கியில் பெரும்பாலும் அடகு பிடிக்க மாட்டார்கள். நகையைப் பிடிப்பார்கள். அவசரத்துக்கு உதவ வேண்டும் என்றால் கல் இல்லாத வெறும் மோதிரம் வாங்குங்கள்.

மண்டபம்: 1.6 கிராமில் மூக்குத்தி பார்த்தோம். ஹால்மார்க் இல்லை. கடைக்காரர் 'தேவையில்லை' என்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. சின்ன நகை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். முத்திரை இல்லாததால் தரத்துக்கு ஆதாரம் பில் மட்டும்தான். 22 காரட், நிகர எடை, கல் எடை என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளைத் துண்டுத்தாளில் எஸ்டிமேட் எழுதி நீட்டினால் வாங்காதீர்கள்.

ஹால்மார்க் உள்ள நகை என்றால் மூன்று குறிகள் இருக்கும்: பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரை, காரட்டும் தரமும் (22 காரட்டுக்கு 916), எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இருக்கும் எச்யூஐடி, அதாவது அந்த நகைக்கு மட்டுமான அடையாள எண். மோதிரத்தில் உள்பக்கம் லேசரில் மெல்லியதாகப் பொறித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கடையில் லென்ஸ் கேளுங்கள். பிறகு போனில் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த ஆறையும் போட்டுப் பாருங்கள். தரம் மட்டுமல்ல, என்ன வகை நகை என்றும் வரும். கையில் இருப்பது மோதிரம், ஆப்பில் கம்மல் என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ராமேஸ்வரம்: அடுத்த மாதம் விலை இறங்குமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

தொண்டி: கல் வைத்த மோதிரம் 3 கிராம். மொத்த எடைக்கே தங்க விலை போட்டிருக்கிறார்கள். சரியா?

சரியே இல்லை. அதில் கல் 0.4 கிராம் என்றால் 4,000 ரூபாய்க்கு அமெரிக்கன் டயமண்ட் வாங்கியிருக்கிறீர்கள். அந்தக் கல்லின் விலை சில்லறைதான். நாளை என் மேசைக்கு வரும்போது 2.6 கிராம் என்றுதான் எழுதுவேன். நீங்கள் என்னிடம் சண்டை போடுவீர்கள். தினமும் நடக்கிறது. கல்லைக் கழித்த எடைக்குத் தங்க விலை, கல்லுக்குத் தனி விலை. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

கீழக்கரை: எங்கள் வாப்பிச்சா (பாட்டி) வைத்திருந்த முத்து ஒன்று இருக்கிறது. கல்யாண நாளுக்கு அதைச் சின்னப் பதக்கமாகச் செய்யலாமா?

இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. முத்துக்குளித்த கரை அல்லவா, பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். முதலில் அது முத்துதானா என்று பாருங்கள். இன்னொரு முத்தோடு லேசாக உரசினால் மணல்போல் நறநறக்க வேண்டும். வழுக்கினால் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதை மட்டும் கண்ணால் சொல்ல முடியாது, எக்ஸ்ரே பார்க்க வேண்டும். கடற்கரையில் கோத்து விற்கும் மாலையோடு இதை ஒப்பிடாதீர்கள்.

ஆசாரியிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: முத்தை வைத்துக்கொண்டு தீ காட்டக் கூடாது. பதக்கத்தைப் பற்றவைத்து, மெருகிட்டு, ஆறவைத்த பிறகு கடைசியில் ஊசியில் பசை வைத்துப் பொருத்த வேண்டும். துளை ஏற்கெனவே இருந்தால் பெரிதாக்க விடாதீர்கள். 18 காரட்டில் செய்தால் ஊசி வளையாது. அத்தர் பூசி, அது காய்ந்த பிறகு போடுங்கள். கழற்றியதும் மெல்லிய துணியால் துடையுங்கள், வியர்வையும் அத்தரும் முத்தின் மினுக்கத்தைத் தின்றுவிடும். பில்லில் தங்கத்தின் எடை தனியாக இருக்கட்டும்.

பரமக்குடி, பொறியியல் மாணவர்: இப்போது மெழுகு அச்சில் வார்க்கிறார்கள், மெஷினில் வெட்டுகிறார்கள். தூள்கூட வீணாவதில்லை. பிறகு எதற்கு 12 சதவீதம் சேதாரம்? பகல் கொள்ளைதானே?

பாதி சரி. கையால் செய்த காலத்தில் அது உண்மையான சேதாரம். அரம் ஓடும்போது தூள் பறக்கும், உருக்கும்போது மூசையில் ஒட்டும், மெருகில் தேயும். அதிலும் நிறைய திரும்பி வந்துவிடும். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணையே விலைக்கு வாங்கி அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று கடையில் போடும் சதவீதத்தில் வாடகை, ஆள் சம்பளம், விளம்பரம், லாபம் எல்லாம் இருக்கிறது. கொள்ளை என்று சொல்ல மாட்டேன். வியாபாரம், பெயர்தான் பழையது.

ராமநாதபுரம், ஆசாரி வீட்டுப் பிள்ளை: அண்ணே, நீங்களே இப்படிப் பேசலாமா? என் அப்பா உட்கார்ந்து அரும்பு அரும்பாக ஒட்டிச் செய்கிறார். சேதாரமே பொய் என்றால் அவர் உழைப்பும் பொய்யா?

பொய் என்று நான் சொல்லவில்லை தம்பி. உன் அப்பாவுக்குக் கூலி கிராம் கணக்கில். கடை வாங்கும் சதவீதத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று நீயே சொல். அரும்பு வைத்த கையால் செய்த கம்மலுக்குக் கூடுதலாகக் கொடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். மெஷின் மோதிரத்துக்கும் அதே சதவீதத்தைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

பரமக்குடி, அதே மாணவர்: அப்படியானால் 'சேதாரம் இல்லை' என்று போர்டு வைக்கும் கடைக்கே போகலாமே?

போங்கள், ஆனால் செய்கூலியைப் பாருங்கள். ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் பிடிப்பார்கள். எந்தப் பெயரில் வாங்கினாலும் எனக்குக் கவலையில்லை. கல் இல்லாத நகை என்றால் பில்லின் கடைசித் தொகையை நிகர எடையால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன மோதிரத்துக்கு 23,125-ஐ 2-ஆல் வகுத்தால் கிராம் 11,562 வருகிறது. மூன்று கடையில் இப்படி வகுத்துவிட்டால் போர்டு எல்லாம் தானாக உதிர்ந்துவிடும்.

தேவிபட்டினம்: மூன்று பேரும் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி, தங்கம் இன்று வாங்கலாமா, நாளை வாங்கலாமா?

கல்யாண நாள் எப்போது? அதற்கு முன்னால் வாங்குங்கள்.

வேதாளை: தெரிந்தவர் ஒருவர், படகில் வந்த இலங்கைத் தங்கம், கிராமுக்கு 1,500 குறைவு என்கிறார். மனைவிக்குக் கொஞ்சம் வாங்கலாமா?

வேண்டாம். உண்மையானது என்றால் கடத்தல் தங்கம், கொடுத்தவர் பிடிபட்டால் வாங்கியவரைத் தேடியும் வருவார்கள். பொய்யானது என்றால் முலாம் பூசிய பித்தளை. 2023 மே கடைசியில் மண்டபம் பக்கம் இரண்டு படகில் வந்த கடத்தல் தங்கம் பிடிபட்டது, கடலில் வீசியதைக்கூட முக்குளித்து எடுத்தார்கள். இரண்டு படகுத் தங்கமும் சேர்த்து 32 கிலோவுக்கு மேல். பில் இல்லாத தங்கத்தைப் பரிசாகக் கொடுத்து, ஒரு நாள் அவளைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்கப் போகிறீர்களா?

சாயல்குடி: கேடிஎம் நகை நல்லதா?

கேட்மியம் வைத்துப் பற்றவைப்பதற்குப் பெயர் அது. தரத்துக்கான முத்திரை இல்லை. அந்தப் புகை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். ஹால்மார்க் பாருங்கள்.

ஏர்வாடி: டிஜிட்டல் தங்கம்?

என் தராசில் நிற்காது. வேறு ஆளைக் கேளுங்கள்.

திருப்பாலைக்குடி: மனைவி மீன் கம்பெனியில் ஐஸில் கை வைத்து வேலை செய்கிறாள். சொல்லாமல் மோதிரம் வாங்க வேண்டும், அளவு எப்படி எடுப்பது?

அவள் போடும் பழைய மோதிரத்தைக் காகிதத்தில் வைத்து உள்வட்டத்தை வரைந்து கடைக்குக் கொண்டு போங்கள். ஆனால் குளிரில் விரல் சுருங்கும். வீட்டில் இறுக்கமாக இருக்கும் மோதிரம் ஐஸ் பெட்டியில் கழன்று மீனோடு போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மோதிரத்தை விட்டுவிட்டுக் கம்மல் வாங்குவேன். திருகாணி நன்றாக இறுகுகிறதா என்று கடையிலேயே நாலு தடவை திருகிப் பாருங்கள். கூட ஒரு உதிரித் திருகாணியும் கேட்டு வாங்குங்கள், முதலில் தொலைவது அதுதான்.