பல் எடுக்கும் முன் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எலும்புக்கு மருந்து எடுப்பவர்கள் பல் பிடுங்கலாமா? பதில்களைச் சேர்த்தே தருகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. எலும்பு மெலிவுக்காக மூன்று வருடமாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறார். கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் தாடை எலும்பு அழுகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரையை நிறுத்தட்டுமா? (மேற்கு மாம்பலம்)

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் அது அபூர்வம். எலும்பு மெலிவுக்கு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களில், பல் எடுத்த பிறகு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். சீழ் பிடித்த பல்லை பயந்துகொண்டு அப்படியே வைத்திருப்பது அதைவிட மோசம். அந்தச் சீழே எலும்பைக் கெடுக்கும். அவசரப்படாமல் எடுத்து, கூரான எலும்பு முனைகளை மழுக்கி, ஈறை இழுத்துத் தையல் போட்டு மூடச் சொல்லுங்கள். கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாய் கொப்பளிப்பதும் உண்டு. முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். சர்க்கரை இருந்தால் முதலில் அது கட்டுக்குள் வரட்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்பில் பத்து வருடம்கூடத் தங்கும் மருந்து அது. பத்து நாள் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? நாலு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் என்றால் சில டாக்டர்கள் இரண்டு மாதம் இடைவெளி விடுவதுண்டு. அதிலும் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. மருந்து எழுதியவரே முடிவு செய்யட்டும். பல் டாக்டரிடம் போகும்போது சீட்டோடு போங்கள்.

அப்பாவுக்குத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறார்கள். பல் பிடுங்கலாமா? அவசரம். (ஊர் எழுதவில்லை)

என்ன ஊசி என்றும் எழுதவில்லை. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு மூட்டுக்குள் போடும் ஊசி என்றால் தாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை போடுவது என்றால் ஜாக்கிரதையாக எடுக்கலாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக மாதாமாதம் போடுவது என்றால் எடுக்காமல் சமாளிக்கத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு அவசரம் என்று எழுதினால் நான் ஜோசியமா பார்ப்பது? சீட்டைப் பார்த்து மருந்தின் பெயரை எழுதுங்கள்.

எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். கடைசியாகப் போட்டு நாலு மாதம் ஆகிறது. பல் எடுப்பதற்காக ஒரு வருடம் ஊசியைத் தள்ளிப்போடலாமா? (அண்ணா நகர்)

கூடவே கூடாது. இது மாத்திரை மாதிரி எலும்பில் தங்காது. ஊசி தள்ளிப்போனால் எலும்பு வேகமாகக் கரைய ஆரம்பித்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். தாடையைக் காப்பாற்றப் போய் முதுகை ஒடித்துக்கொண்ட கதையாகிவிடும். உங்களுக்கு இப்போதுதான் நல்ல நேரம். இந்த வாரமே பல்லை எடுங்கள், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆறட்டும், அதற்குள் அடுத்த ஊசியின் தேதியும் வந்துவிடும். இரண்டு ஊசிக்கு நடுவே ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ். ரத்தப் பரிசோதனை செய்தால் தாடைக்கு ஆபத்து வருமா என்று முன்கூட்டியே தெரியுமாமே? (வேளச்சேரி)

தெரியாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, மாதம் ஒரு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடுகிறார்கள். தெருமுனை கிளினிக்கில் பல் எடுத்து மூன்று மாதமாகியும் குழி மூடவில்லை. உள்ளே மஞ்சளாக எலும்பு தெரிகிறது. பல் டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. யார் மேல் தப்பு? (பெரம்பூர்)

தப்பு அப்புறம். முதலில் அத்தையை வாய், தாடை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. தாடையில் கதிர்வீச்சு வாங்காத ஒருவருக்கு எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால், அது இந்த மருந்தால் வந்த எலும்புச் சாவு என்றுதான் எடுத்துக்கொள்வோம். குச்சியால் கிண்டாதீர்கள், கிராம்பு எண்ணெய் வைக்காதீர்கள். வலியும் சீழும் இல்லாவிட்டால் கொப்பளிப்பும் கண்காணிப்புமாகவே பல பேருக்குக் கட்டுக்குள் இருக்கும். கீழுதடு மரத்துப்போனாலோ, கன்னத்துக்கு வெளியே சீழ் வடிந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

சரி, இப்போது தப்பு. எலும்பு சதா கரைந்து, சதா புதிதாக வளர்கிறது. இந்த மருந்துகள் கரைக்கும் செல்களை அடக்கிவைக்கின்றன; புற்றுநோயாளிக்கும் எலும்பு மெலிந்தவருக்கும் அதுதான் நன்மை. ஆனால் தாடையில் எலும்புக்கு மேலே மெல்லிய ஈறு, அதற்கு மேலே வாய் முழுக்கக் கிருமி. பல் எடுத்த குழியைப் பழுதுபார்க்க அந்தச் செல்களும் வேண்டும். மாதாமாதம் ஊசி போடுகிறவர்களில் பல் எடுத்தபின் இந்தத் தொல்லை வருவது நூறில் ஒன்றிரண்டிலிருந்து பதினைந்து பேர் வரை. இவ்வளவு பெரிய விஷயம் ஏன் யார் வாயிலும் வருவதில்லை?

என் கிளினிக்கிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயது அம்மா ஒருவர். மஞ்சப்பையில் பிரஷர், சுகர், தைராய்டு அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல டாக்டர்." மரத்துப்போக ஊசி போட்டாயிற்று, உதடு தடித்தாயிற்று, பல் எடுக்கும் குறடு என் கையில். அப்போது வாசலில் நின்ற கணவர், "சீக்கிரம் முடிஞ்சிடுமா டாக்டர்? நாளைக்குக் காலைல எலும்பு ஊசிக்கு வேற போகணும்" என்றார். குறடைக் கீழே வைத்தேன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான் கேட்டது மாத்திரை. அவர் போட்டுக்கொண்டது ஊசி. ஆஸ்பத்திரியில் போடும் ஊசிக்கு அட்டையும் கிடையாது, மஞ்சப்பையில் இடமும் கிடையாது. பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டி, வேர் சிகிச்சை செய்து, வேரைத் தாடையிலேயே விட்டுவிட்டோம். மறுநாளே என் கிளினிக் படிவத்தை மாற்றினேன். 'எலும்புக்கோ புற்றுநோய்க்கோ எப்போதாவது ஊசி போட்டதுண்டா, பல வருடம் முன்பு என்றாலும்' என்று இப்போது தனி வரி இருக்கிறது. அதற்கு முன் எத்தனை பேரை அந்த ஒரு வார்த்தையால் தவறவிட்டேனோ, தெரியாது.

ஆக, பெரம்பூர் வாசகரே, கேட்காத டாக்டர் மேல் பெரும்பங்கு. ஆனால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஊசி போட்ட சீட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ எடுத்துப் போங்கள்.

கணவருக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய். எலும்பு ஊசி தொடங்கும் முன் பல்லைக் காட்டி வரச் சொல்கிறார்கள். அவருக்குப் பல்லில் வலியே இல்லையே? (ஆதம்பாக்கம்)

அப்படிச் சொன்ன டாக்டருக்கு ஒரு கும்பிடு. வலி இல்லாத சொத்தையும் ஆடும் பல்லும்தான் ஆறு மாதம் கழித்துத் தொந்தரவு தரும். காப்பாற்ற முடியாதவற்றை இப்போதே எடுத்துவிட்டு, ஈறு மூட இரண்டு மூன்று வாரம் விட்டு ஊசியைத் தொடங்கலாம். புற்றுநோய் டாக்டர் அவ்வளவு பொறுக்க முடியாது என்றால் அவர் சொல்வதுதான் முடிவு.

எலும்பு மருந்து எடுக்கிறேன், ஆனால் பல்லே இல்லை, பல் செட்தான். எனக்குக் கவலையில்லை அல்லவா? (திருவொற்றியூர்)

உண்டு. லூசான செட் கீழ்த்தாடையின் உள்பக்கம் உரசி உரசியே எலும்பை வெளியே கொண்டுவந்துவிடும். ராத்திரி கழற்றி வையுங்கள். புண் இருந்தால் செட்டை ராவச் சொல்லுங்கள்.

கால்சியம், வைட்டமின் டி சாப்பிட்டாலும் தாடை கெடுமா? (தாம்பரம்)

கெடாது.

இது புது வியாதியா? (சூளைமேடு)

இந்த மருந்துகளோடு சேர்த்து முதலில் எழுதப்பட்டது 2003-ல். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைப் பாஸ்பரஸில் வேலை செய்த தீப்பெட்டித் தொழிலாளிகளுக்குத் தாடை இதே போல அழுகியது. 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன. சிவகாசிக்காரர்கள் பயப்பட வேண்டாம், இப்போது பெட்டியின் ஓரத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ்.

இணைத்துள்ள எக்ஸ்ரேயைப் பார்த்து என் அம்மாவுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று சொல்லவும். (கொளத்தூர்)

டியூப்லைட்டில் பிடித்து எடுத்த அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிவது உங்கள் கட்டைவிரல் மட்டும்தான். அம்மாவை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டோடு.