கணினி கேள்வி – பதில்: அப்டேட் முடிந்ததும் அசையாமல் நிற்கும் வேர்டு

கேள்வி (பாரிமுனை வாசகர்): பத்திரம் டைப் செய்து கொடுக்கும் அலுவலகம் வைத்திருக்கிறேன். புதன்கிழமை காலை விண்டோஸ் 11 தானாக அப்டேட் ஆனது. அன்றிலிருந்து வேர்டைத் திறந்தால் திரை மங்கி 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நிற்கிறது. பிரவுசர், டேலி எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: ஃபார்மட் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் வேலை கெடும். கோளாறு பிரிண்டர் டிரைவரில் (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) இருந்தால், ஃபார்மட்டுக்குப் பிறகு அதே பழைய டிரைவரைத் திரும்பப் போட்டதும் கோளாறும் கூடவே வந்துவிடும். இப்படிப்பட்ட சமயங்களில் வேர்டே பழுதாகியிருப்பது குறைவு. அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும் பிரிண்டர் டிரைவர், ஆட்-இன் (வேர்டுக்குள் சேரும் துணை மென்பொருள்), தமிழ் விசைப்பலகை மென்பொருள், நார்மல் டெம்ப்ளேட் (வேர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள கோப்பு) ஆகியவற்றில் ஏதோ ஒன்று வேர்டைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில் டாஸ்க் மேனேஜரில் வேர்டின் சிபியு அளவைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். 0% என்றால் வேர்டு பெரும்பாலும் எதனிடமோ பதிலுக்குக் காத்திருக்கிறது. அளவு ஏறி, இறங்காமல் நின்றால் ஏதோ ஒரு வேலையில் சுழன்றுகொண்டிருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு முதல் சந்தேகம் பிரிண்டர் மேல்தான். வேர்டு ஆவணத்தைத் திறக்கும்போதே டிஃபால்ட் பிரிண்டரிடம் விவரம் கேட்டுத்தான் பக்கங்களைப் பிரிக்கும். டிரைவர் பதில் சொல்லாவிட்டாலோ, நெட்வொர்க் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகியிருந்தாலோ அங்கேயே நின்றுவிடும். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய், 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்பதை அணைத்துவிட்டு, 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை டிஃபால்ட் ஆக்குங்கள். இப்போது வேர்டு திறந்தால் குற்றவாளி பிரிண்டர் டிரைவர்தான். அந்தப் பிரிண்டரை 'ரிமூவ்' செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள். பெட்டியோடு வந்த பழைய சிடியைப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டிஃபால்ட் பிரிண்டரை மாற்றினால் வரி உடையும் இடமும் பக்க எண்ணிக்கையும் மாறலாம். முத்திரைத்தாளில் அடிக்கும் முன் பழைய பிரிண்டரைத் திரும்ப டிஃபால்ட் ஆக்கி, தாள் அளவு லீகல்தானா, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைத்தாளை வீணாக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பிரிண்டரை மாற்றியும் பலனில்லை என்றால், கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி வேர்டு ஐகானைக் கிளிக் செய்யுங்கள். சேஃப் மோடில், அதாவது ஆட்-இன்கள் இல்லாமல், திறக்கவா என்று கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். அதில் சரியாக ஓடினால் ஆட்-இன் அல்லது டெம்ப்ளேட்டில்தான் கோளாறு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே 'காம் ஆட்-இன்ஸ்' தேர்ந்து 'கோ' அழுத்தி, எல்லா டிக்கையும் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் வேர்டை மூடித் திறந்து பாருங்கள். பிடிஎஃப் மாற்றும் ஆட்-இன்னையும் ஸ்கேனர் ஆட்-இன்னையும் முதலில் சோதியுங்கள்.

டெம்ப்ளேட்டுக்கு: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்து எண்டர் தட்டுங்கள். திறக்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே நார்மல் என்ற கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள், அழிக்காதீர்கள். உங்கள் மேக்ரோ, ஸ்டைல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வேர்டு அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): ஆங்கிலத்தில் அடித்தால் ஒன்றுமில்லை. தமிழில் நாலு வரி அடித்ததும் கர்சர் நின்றுவிடுகிறது. பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில், புதியவை யூனிகோடில் உள்ளன.

பதில்: தனியாக நிறுவிய தமிழ் விசைப்பலகை மென்பொருள், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் வேர்டுக்குப் போகும் முன் இடைமறித்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. அப்டேட்டில் விண்டோஸின் உள்ளீட்டுப் பகுதி மாறினால் பழைய பதிப்பு தடுமாறலாம். நோட்பேடில் தமிழில் அடித்துப் பாருங்கள். அங்கும் நின்றால் விசைப்பலகை மென்பொருள்தான் காரணம். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். இரண்டு மென்பொருள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள். விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ் வழியாகத் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் அழுத்தினால் மொழி மாறும். தமிழ்99 பழகியவர்களுக்கு இதுவே நிம்மதி.

நோட்பேடில் ஒழுங்காக ஓடி, வானவில் கோப்புகளில் மட்டும் திணறினால் வேறு காரணம். அந்த எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். வேர்டின் எழுத்துப்பிழை திருத்தி ஒவ்வொரு சொல்லையும் பிழை என்று எண்ணிச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். நூறு பக்கக் கோப்பில் அது பெரிய சுமை. கன்ட்ரோல்-ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்து, ரிவ்யூ, லாங்குவேஜ், 'செட் புரூஃபிங் லாங்குவேஜ்' போய், 'டு நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' என்பதில் டிக் செய்து சேமியுங்கள்.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): உறைந்தபோது வேர்டை மூடிவிட்டேன். பதினான்கு பக்கம் போய்விட்டது. மீட்க முடியுமா?

பதில்: புதிதாக எதுவும் அடிக்கும் முன் வேர்டைத் திறந்து, இடப்பக்கம் மீட்புப் பட்டியல் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஃபைல், இன்ஃபோ, 'மேனேஜ் டாகுமென்ட்', 'ரெகவர் அன்சேவ்டு டாகுமென்ட்ஸ்'. கிடைத்ததை உடனே வேறு பெயரில் சேமியுங்கள். ஆட்டோ ரெகவர் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பிரதி எடுக்கும். ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதியில் அதை 2 நிமிடமாகக் குறையுங்கள். இனி உறைந்தால் உடனே 'எண்ட் டாஸ்க்' கொடுக்காமல் ஐந்து நிமிடமாவது பொறுங்கள். பிரிண்டருக்காகக் காத்திருக்கும் வேர்டு சில நேரம் தானாகவே விடுபட்டு வரும்.

கேள்வி (வேளச்சேரி வாசகி): பேசாமல் அப்டேட்டையே நீக்கிவிட்டால் என்ன?

பதில்: கடைசி வழியாக மட்டும். மாதாந்திர அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்கள் இருக்கின்றன. வங்கி வேலை பார்க்கும் கணினியில் அவை இல்லாமல் இருப்பது ஆபத்து. அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அவை வெளியாகும்போது நமக்கு இரவு. அதனால்தான் பலருக்குப் புதன் காலையில் தொல்லை தெரிகிறது. அதே நாளில் ஆஃபீஸுக்கும் தனி அப்டேட் வருவதுண்டு. எனவே எதை நீக்குவது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். வேர்டின் சிவப்புப் பெருக்கல் குறி எந்தத் தேதியில் தொடங்குகிறது, அன்று என்ன நிறுவப்பட்டது என்று அதில் தெரியும். அப்டேட்டுக்கு முன்பே சிவப்புக் குறி இருந்தால் அதை நீக்கிப் பயனில்லை.

தேதி பொருந்தி, மேலே சொன்ன எதுவும் பலிக்காவிட்டால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. நீக்கும் அப்டேட்டின் கேபி எண்ணை (KB என்று தொடங்கும் அடையாள எண்) குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய கையோடு விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குத் திரும்பி, அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் 'பாஸ் அப்டேட்ஸ்' கொடுங்கள். விண்டோஸ் 11-ல் 5 வாரம் வரை நிறுத்திவைக்கலாம். கொடுக்காவிட்டால் அதே அப்டேட் மறுபடி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.